நீலத்திரை வந்தால் புது கம்ப்யூட்டர்தான் வாங்கணுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆன்லைன் பதிவும் செய்து தருகிறேன். நாலு வருஷத்து டெஸ்க்டாப். கொள்முதல் பதிவுக்கு விவசாயிகள் சிட்டா, அடங்கலோடு காத்திருக்கும் நேரத்தில், விண்டோஸ் கோளாறாகி நின்றுபோகும்போது வரும் நீலத்திரை வருகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சர்வீஸ்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். திறந்து பார்க்காமல் மதர்போர்டு போச்சு என்பது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

முதலில் அந்தத் திரையை நிற்க வையுங்கள். கோளாறு வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆவது விண்டோஸில் வழக்கமாகவே இருக்கும் அமைப்புதான். 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியில் உள்ள செட்டிங்ஸைத் திறந்தால், 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். கீழே உள்ள ஸ்டாப் கோடை, அதாவது என்ன கோளாறு என்று சொல்லும் குறிப்பை, செல்போனில் படம் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதல் சந்தேகம் ரேம், அதாவது கம்ப்யூட்டர் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகச் சில்லு மேல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற விளிம்பை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டோரக் கடைக்குள் வரும் நெல் தூசிக்கு இது பாதி வைத்தியம். அப்புறமும் வந்தால் ரேமை மட்டும் மாற்றிப் பாருங்கள். புது கம்ப்யூட்டர் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்து எழுந்தால் கதை வேறு. அங்கே இந்த டிக் உதவாது. யுபிஎஸ், பவர் சப்ளை பக்கம் பாருங்கள். லேசர் பிரிண்டரையும் அதே யுபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறீர்களா? ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி நடப்பது இது. பிரிண்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

கோளாறு சரியானதும் டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம், ராத்திரியில் ஆளில்லாமல் ஓடுகிற மெஷினுக்கு அது தேவை. மதர்போர்டுதான் என்று சர்வீஸ்காரர் அப்போதும் சொன்னால், ஸ்டாப் கோடையும் பழுதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.