காலபோகக் காசில் வியட்நாம்: கேள்வி பதில்

ஏஜென்ற் இல்லாமல் வியட்நாம் போய்வரலாமோ எண்டு வன்னிப் பக்கத்திலிருந்து வந்த கேள்வியளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

அக்கா, எப்ப போறது நல்லம்? வயலையும் பாக்க வேணும். (பரந்தன்)

காலபோக வெட்டு முடிஞ்சு நெல்லுக் காசு கைக்கு வாற மார்ச்தான் தம்பி. வியட்நாமின்ர வடக்கில குளிர் குறைஞ்சிருக்கும், நடுப்பகுதியில மழை குறைவு. ஜனவரிக் கடைசி, பெப்ரவரியில வாற அவையின்ர புதுவருசம் 'டெட்'. அந்த நேரம் ரயில், பஸ் எல்லாம் நிரம்பிவிடும், கன கடை பூட்டு. ஒக்டோபர், நவம்பரில நடுப்பகுதி வெள்ளக்காடு. மார்ச்சில போனால் வைகாசியில வாற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஆறுதலா வந்து நிக்கலாம்.

விசாவுக்குப் பெரிய தொகை கேக்கினம். (மல்லாவி)

குடுக்காதேங்கோ. 2023 ஓகஸ்ட்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரைக்கும் ஈ-விசா குடுக்கினம். ஒருமுறை நுழைய 25 டொலர், பலமுறைக்கு 50. வியட்நாம் அரசாங்கத்தின்ர தளத்தில நீங்களே போடலாம். ஆனா மறுத்தாலும் காசு திரும்பாது, அதால பேரில கவனம்.

கடவுச்சீட்டில படம் இருக்கிற பக்கத்தின்ர அடியில அம்புக்குறி மாதிரி அடையாளங்களோட ரெண்டு வரி கிடக்கும். மேல் வரியில ரெண்டு அம்புக்குறி சேர்ந்து வாற இடத்துக்கு முன்னால நிக்கிறதுதான் குடும்பப்பேர், பின்னால வாறது உங்கட பேர். அந்த வரியில பேருக்கு 39 இடம்தான். தகப்பன் பேரும் சேர்ந்தால் எங்கட ஆக்களில சிலருக்கு அது காணாது, கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். அந்த வரியைப் பாத்துத்தான் படிவத்தை நிரப்ப வேணும். விசா வந்த உடன கடவுச்சீட்டைப் பக்கத்தில வைச்சு எழுத்தெழுத்தாச் சரிபாருங்கோ. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியா இருக்க வேணும். புதுப்பிக்கக் கொழும்புக்கு அலைய வேண்டாம், வவுனியாவில அலுவலகம் இருக்கு.

ரெண்டு ரிக்கெட் தனித்தனியா எடுத்தால் மலிவாக் கிடக்கு. (முள்ளியவளை)

வேண்டாம் தங்கச்சி. நடுவில இறங்கிப் பையை எடுக்க அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் பிந்தினால் மற்ற ரிக்கெட் போனதுதான், ஒருத்தரும் பொறுப்பெடுக்கமாட்டினம். கடைசி வரைக்கும் ஒரே பதிவில எடுங்கோ. பைக்குரிய காசையும் கூட்டிப்போட்டு விலையை ஒப்பிடுங்கோ. கட்டுநாயக்காவுக்கு, புத்தளம், நீர்கொழும்பு வழியாப் போற இரவு பஸ்ஸில ஏறினால் போற வழியிலேயே இறங்கலாம்.

மொத்தம் எவ்வளவு முடியும்? நகையை அடகு வைக்கலாமோ? (நெடுங்கேணி)

அடகு வைக்கவே வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த பிறகும் வட்டி ஓடும். லீசிங்காலயும் நுண்கடனாலயும் எத்தினை வீடு நொந்து கிடக்கு! ஊர் சுத்தக் கடன்படுறதை என்னால ஒத்துக்கொள்ளேலாது. ஒரு சீட்டுப் போடுங்கோ, பிந்தினாலும் பரவாயில்லை.

அங்க ஒரு ஆளுக்கு நாளுக்கு 30 டொலர் எண்டு கணக்குப் போடுங்கோ. பொது அறையில ஒரு கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, உள்ளூர் பஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். 'ஃபோ' எண்ட நூடில்ஸ் சூப் ஒரு கோப்பை 50,000 டொங், அதாவது ரெண்டு டொலர் அளவில. டொலர் 300 ரூபா எண்டு வைச்சால் பத்து நாளுக்கு 90,000 ரூபா, ரிக்கெட் வேற. வடக்கில தலைநகர் ஹனோயிலிருந்து தெற்கில சைகோன் (இப்ப ஹோ சி மின் நகரம்) வரைக்கும் ரயில்பாதை 1,726 கிலோமீற்றர். முழுக்க ஓடிப் பாக்க நினைச்சால் காசு வழியிலேயே கரைஞ்சுடும், பாதி நாட்டைப் பாருங்கோ. மருத்துவக் காப்புறுதியை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. அதுக்கு வழியில்லையெண்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கோ.

காசை எப்பிடிக் கொண்டு போறது? (மாங்குளம்)

எங்கட ரூபாவை அங்க மாத்தேலாது, டொலர்தான். மடிப்பு, மை படாத தாளாக் கேட்டு வாங்குங்கோ, கசங்கினதைத் தட்டிக்கழிப்பினம். 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் ரெண்டும் நீலம், ரெண்டிலயும் அவையின்ர பழைய தலைவர் ஹோ சி மின்ர படம். இருட்டில மாறிக் குடுத்தால் 25 மடங்கு போயிடும், தனித்தனியா வைச்சிருங்கோ.

நான் சைவம் பிள்ளை, சமாளிக்கலாமோ? கோயில் ஏதும் இருக்கோ? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி)

சமாளிக்கலாம் ஐயா. மரக்கறியிலும் மீன்சாறு விடுவினம், அதால 'சாய்' எண்ட பலகை போட்ட சைவக் கடையாப் பாருங்கோ. சந்திரமாதத்தில முதலாம், பதினைஞ்சாம் நாளில கன சனம் மரக்கறி சாப்பிடுறதால அண்டைக்கு எங்கயும் கிடைக்கும். சைகோனில தமிழ் வணிகர் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. நாட்டின்ர நடுப்பகுதியில மை சன் எண்ட இடத்தில, முந்தி அங்க ஆண்ட சாம் இன அரசர் கட்டின சிவன் கோயில்கள் இருக்கு, 1999இல யுனெஸ்கோ பட்டியலில சேர்த்தவை. 1969இல அமெரிக்கக் குண்டுவீச்சில அங்க கன கோபுரம் இடிஞ்சு போச்சு. குண்டு விழுந்த குழியளை இண்டைக்கும் காணலாம். ஹோய் ஆன் எண்ட பழைய பட்டினத்திலிருந்து மை சன் 40 கிலோமீற்றர் அளவில. வெள்ளனப் போங்கோ ஐயா, பிந்தினால் வெயிலும் சனமும் தாங்கேலாது.