நடுச்சாமத்தில் கட்டும் தொண்டை

ஐயா, வணக்கம்.
பாலக்கோடு பக்கம் ஒரு கூத்துக் குழுவில் வேஷம் கட்டுகிறேன், நாடகங்களிலும் நடிப்பதுண்டு. இரவு இரண்டு மணிக்கு மேல் தொண்டை கட்டிவிடுகிறது. அடுத்த நாடகத்தில் நெல்லைக்காரர் வேடம், அந்தப் பேச்சு நாக்கில் ஏறவே இல்லை. பின்னாளில் குரலும் வட்டார வழக்கும் சொல்லித்தருபவனாக ஆசை. அது பிழைப்பாகுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டு மணிக்குத் தொண்டை கட்டுகிறது என்றால் கேடு பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. ஆர்மோனியச் சுருதியைத் தலைமைப் பாட்டுக்காரரின் குரலுக்கு வைப்பார்கள். பாட்டுக்கு அந்தக் கட்டையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் பாட்டு முடிந்த சூட்டோடு வசனத்தையும் அங்கேயே பிடிப்பதுதான் தொண்டையைத் தின்கிறது. வசனத்தை உங்கள் பேச்சுக் குரலுக்கு இறக்குங்கள். முகவீணையும் மிருதங்கமும் காதோரம் முழங்கினால் நம் குரல் நமக்கே கேட்காது, தன்னையறியாமல் கத்துவோம். வசனத்துக்கு நாலடி முன்னால் வந்து நில்லுங்கள்.

அடுத்தது இடுப்புக் கச்சை. மூச்சை விட்ட நிலையில் இறுக்கிக் கட்டினால் விலா விரிய இடமிருக்காது. மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். கட்டுகிறவர் கயிற்றை இழுக்கும்போது கீழ்விலா விரிய மூச்சிழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். முடிச்சு விழுந்த பிறகு விடலாம்.

அரிதாரம் பூசுமுன் ஐந்து நிமிடம்: அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை முக்கி, குமிழி அறுபடாமல் ‘ஊ’ என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே போங்கள். நீரின் எதிரழுத்தம் குரல்நாண்கள் முரட்டுத்தனமாக மோதாமல் காக்கும். கூத்து முடிந்ததும் இதையே மூன்று நிமிடம். குரல் கம்மினால் கிசுகிசுப்பது ஓய்வல்ல, வாயை மூடுவதுதான் ஓய்வு. செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்ய வேண்டாம், ஒரு மடக்குத் தண்ணீர் போதும். விடிந்ததும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் புளித்த நீர் மேலேறி, பாடாமலே தொண்டையைப் புண்ணாக்கும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மூச்சும் அங்கேதான் தீர்கிறது. ‘இந்தச் சபையில் நான் தோற்கவில்லை’ என்பதில் ‘வில்லை’யை விழுங்கினால் கடைசி வரிசைக்காரருக்குத் தோற்றவர் நீங்கள்தான். வசனத்தாளில் வினைக்கு முன் ஒரு கோடு போட்டு, அங்கே அரை மூச்சு எடுத்துப் பழகுங்கள்.

நெல்லைப் பேச்சுக்கு வருவோம். வரிக்கு வரி ‘ஏலே’ போட்டால் அது சினிமாக் காமெடி. அந்த மண்ணின் அறுபது வயதுக்காரர் ஒருவர் இயல்பாகப் பேசுவதை, அனுமதி கேட்டு, இருபது நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, முதலில் சொல்லே இல்லாமல் வாய்மூடி ராகத்தை மட்டும் முனகுங்கள். அது பிடிபட்டதும் நெடில் எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று பாருங்கள். ‘வந்தாங்க’ ‘வந்தாவ’ ஆவதெல்லாம் அதற்குப் பிறகு. சொல்லை முதலில் பிடித்தவர்கள், கோபக் காட்சி வந்ததும் சொந்த ஊர் ராகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

பிழைப்பு? இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1969இல் சிசிலி பெர்ரியைக் குரல் பயிற்சிக்கென்றே வேலைக்கு எடுத்தது. நம் குழுக்களுக்கு அந்த வசதி கிடையாது. இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஆனால் ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, மேடையில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அந்த இரு மொழிகளிலும் இன்று ழகரம் இல்லை, சொற்களும் பெரும்பாலும் உயிரில்தான் முடியும். அதனால் ‘மன்னன்’ ‘மன்னனு’ ஆகிவிடும். இதைக் காதால் பிரித்துத் திருத்தத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. நாளெல்லாம் கத்தும் பள்ளி ஆசிரியர்களுக்கும் மேலே சொன்ன ஸ்ட்ராப் பயிற்சி தேவைதான். முறையாகப் படிக்க, புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூரு மையமும் இருக்கிறது. கூத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோயில் விழாக்கள் ஓய்ந்த மாதங்களில் வகுப்பு எடுங்கள்.