பதில்: வீட்டுக்கு வந்தா எரிஞ்சு விழுறேன், தூக்கமும் இல்ல

அண்ணே, கடைமடைக்குத் தண்ணி வராம நாத்து காயுது, புள்ளைங்க மேல எரிஞ்சு விழுறேன், ராத்திரி பூரா முழிப்புன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. சித்த வைத்தியத்துல பித்தம்னா தீ, வாதம்னா காத்தும் ஆகாயமும்னு சொல்லுவாங்க, உங்களுக்கு ரெண்டும் சேர்ந்து ஏறியிருக்குன்னு எனக்குப் படுது, சருகு பத்திக்கிட்ட நேரத்துல காத்தும் அடிச்சா எப்படி அடங்கும். ஜூன் 12 மேட்டூர் தொறந்தாலும் எங்க ஊருக்கு வந்து சேர நாளாகும், அந்த நாள்ல நானும் இப்படித்தான் கத்துவேன். இப்பல்லாம் வயல்லேந்து வந்ததும் அடிபம்புல முகம் கை கால் நல்லா கழுவிட்டு வெறுங்கால்ல திண்ணையில செத்த நேரம் உக்காந்துட்டுதான் உள்ள போறேன், போன் கையில எடுக்குறதில்ல. முடிஞ்சா திருவானைக்காவல் போயிட்டு வாங்க, பஞ்சபூதத்துல நீருக்கான சிவன் ஸ்தலம், சன்னதியிலயே தண்ணி ஊறும். தூக்கம் இன்னும் வரலன்னா தள்ளிப்போடாம டாக்டரப் பாருங்கண்ணே, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணாலும் தமிழ்லயே பேசுவாங்க.