குற்ற வழக்குப் படங்களும் வரலாற்றுப் பாடமும்

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்கு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. பழைய சிங்கப்பூர்க் குற்ற வழக்குகளின் ஆவணப்படம் என்றால் மட்டும் சாப்பாட்டையே மறந்து பார்க்கிறான். தடுப்பதா, விடுவதா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

என் பேரனோடு மெக்டொனால்டு ஹவுஸ் குண்டுவெடிப்புப் படத்தை அப்படித்தான் பார்த்தேன். 1965 மார்ச் 10, பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டில் வங்கி இருந்த கட்டடம். மூன்று பேர் இறந்தார்கள், 33 பேருக்குக் காயம். குண்டு வைத்த இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் உஸ்மானும் ஹாருனும் 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

"பிடிச்சிட்டாங்க, முடிஞ்சது" என்று பேரன் எழுந்தான். "உட்காருப்பா. வங்கியில குண்டு வச்சாங்க, ஒரு காசுகூட எடுக்கலையே, ஏன்?" என்றேன். பதிலுக்கு அவன் பாடப்புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனீசிய அதிபர் சுகர்னோ நடத்திய மோதல் அது. அப்போது நாம் மலேசியாவில் ஒரு மாநிலம். தூங்க வைத்த அதே பக்கங்களைப் பென்சிலும் கையுமாகப் படித்தான்.

அப்புறம்தான் உண்மையான கஷ்டம். அவ்விருவரும் சாதாரண உடையில் வந்து குண்டு வைத்தவர்கள் என்பதால், போர்க்கைதிகள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தோனீசியாவோ அவர்களைத் தேசிய வீரர்கள் என்று அறிவித்தது. 1973ல் ஜகார்த்தா சென்ற நம் பிரதமர் லீ குவான் இயூ, அவ்விருவரின் கல்லறைகளில் மலர் தூவினார். "கொன்னவங்களுக்கு எதுக்குப் பூ?" என்று பேரனுக்கு வந்த கோபம்! நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அவன் அப்பாவோடு வாதாடினான். சனிக்கிழமை தோபி காட் எம்ஆர்டியில் இறங்கி, அந்தச் செங்கல் கட்டடத்தையும் எதிர்ப்புறம் 2015ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தையும் பார்த்தோம். இறந்தவர்களில் இருவர் வங்கியில் வேலை பார்த்த பெண்கள், ஒருவர் ஓட்டுநர். அங்கே நின்றபோது அவன் பேசவே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். நடித்துக் காட்டும் காட்சிகளில் வரும் வசனம் பெரும்பாலும் எழுத்தாளர் எழுதியது. எது நடந்தது, எது நடிப்பு என்று அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் மறுநாள் செய்தியைத் தேடினால் தெரிந்துவிடும். குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்குகள் இந்த வயதில் வேண்டாம்; இதில் நான் கண்டிப்பானவள்.

அடுத்து, 1963ல் பூலாவ் செனாங் தீவில் நடந்த கலவரத்தைப் பார்க்கலாம். விசாரணையின்றி அடைக்கப்பட்ட குண்டர் கும்பல் ஆட்கள், தாங்களே கட்டிய குடியிருப்பைத் தாங்களே எரித்தார்கள். கண்காணிப்பாளர் டட்டனைக் கொன்றார்கள். 18 பேருக்குத் தூக்கு. தீர்ப்புச் சொன்னவர்கள் ஏழு ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இன்று நம் நீதிமன்றங்களில் ஜூரியே இல்லையே, எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். 1970 என்று அவனே கண்டுபிடிக்கட்டும். 'செனாங்' என்றால் மலாயில் என்ன என்பதையும் மறக்காமல் கேளுங்கள்: 'நிம்மதி'!