பரணில் இருக்கும் ஏட்டுச் சுவடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முன்னோர் வைத்திருந்த நான்கு சுவடிக்கட்டுகள் வீட்டுப் பரணில் உள்ளன. சில ஏடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, பொத்தலும் உண்டு. யுனெஸ்கோவிடம் கொடுத்தால் பாதுகாப்பார்களா?

பதில்: யுனெஸ்கோ சுவடிகளை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. 1992இல் தொடங்கிய அதன் 'உலக நினைவகம்' திட்டத்தில் இருப்பது ஒரு பதிவேடுதான். சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997இலும், புதுச்சேரியிலுள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005இலும் அதில் ஏறின. அதனால் அவை வேறு ஊருக்குப் போய்விடவில்லை. பாதுகாக்கிற வேலை வைத்திருப்பவருடையதே. உங்களால் முடியாதென்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ தஞ்சை சரசுவதி மகாலையோ அணுகுங்கள்.

இப்போதைக்கு வீட்டில் செய்யக்கூடியது: கயிற்றை அவிழ்க்கும் முன் கட்டை நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏட்டெண் பெரும்பாலும் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். முதலில் நொறுங்குவதும் அந்த ஓரம்தான். எண் உதிர்ந்த ஏடுகள் கலைந்தால், படித்துப் பார்த்துத்தான் வரிசை கண்டுபிடிக்க வேண்டும். மென்மையான தூரிகையால், கயிறு கோக்கும் துளையிலிருந்து ஓரம் நோக்கி, உலர்ந்த தூசை மட்டும் தள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம், வெயிலில் போடவும் வேண்டாம். வெயில் பட்ட ஓலை வளைந்து விளிம்பு வெடிக்கும். ஒட்டிய ஏடுகளுக்கிடையே கத்தி நுழைத்தால் மேல்தோல் எழுத்தோடு உரிந்துவிடும்; அதைச் சுவடிப் பாதுகாப்பாளரிடம் விடுங்கள்.

ஓலை விறைத்திருந்தால் எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாகத் தடவுவார்கள். அதிகமானால் தூசு பிடித்துப் பிசுபிசுக்கும். மையால் எழுதியதோ வண்ணம் தீட்டியதோ என்றால் தொடவே கூடாது. எழுத்தாணியால் கீறியது தெரியவில்லையென்றால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பது மையாடல். பழகாதவர் உடைந்த ஏட்டில் முயல வேண்டாம். ரப்பர் பேண்டு உருகி ஒட்டும், செல்லோடேப் கறை விடும், ஏடுகளைக் கோக்கும் நாராசமாக (துளையில் செருகும் குச்சியாக) இரும்புக் கம்பியைச் செருகினால் துரு ஏறும். மரச்சட்டம் இருபுறமும் வைத்து, பருத்திக் கயிற்றால் இறுக்காமல் கட்டி, துணியில் சுற்றிப் பரணைவிட்டு இறக்கிவிடுங்கள். ஓட்டுக்கடியில் வெப்பமும் மழைக் கசிவும் மாறி மாறித் தாக்கும். வேப்பிலை, வசம்பு வைக்கலாம். பூச்சி ஏற்கெனவே துளைத்துக்கொண்டிருந்தால் அது போதாது.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் படியெடுக்கக் கேட்கிறது. மூலம் போய்விடுமா?

பதில்: மூலம் உங்களிடமே இருக்கும் என்று எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் படியெடுக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் அந்த விதி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க சுவடி 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஒவ்வொரு ஏட்டின் இரு பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, அளவுகோலோடு எடுக்கச் சொல்லுங்கள். சுருக்கப்படாத டிஃப் (TIFF) படக் கோப்புகளின் ஒரு படி உங்களுக்கும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து மாணவர்கள் ஓலையில் எழுதும் முறையைக் கற்கலாமா?

பதில்: இந்தோனேசியாவின் பாலித் தீவுப் பள்ளி ஒன்று கிடைத்தால் மிகப் பொருத்தம். அங்கே லொந்தார் என்பதும் ஓலைச்சுவடிதான். கத்தியால் கீறி, கருக்கிய கெமிரிக் கொட்டையால் கறுப்பேற்றுவார்கள். இலங்கையின் ஓலைச்சுவடியான புஸ்கொல தாளிப்பனை ஓலையில் ஆனது. புது ஓலையில் ஆளுக்கொரு வரி கீறி ஒப்பிடட்டும், பழஞ்சுவடியை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. நம் காலை பத்து மணி வகுப்பு அவர்களுக்குப் பகல் பன்னிரண்டரை.