கெக்லியின் மகன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்து நீங்கள் பரிந்துரைத்த நூல்களை வாங்கினேன். அந்தப் போரின் சாவுகளைப் பற்றி ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் எழுதிய ‘திஸ் ரிபப்ளிக் ஆஃப் சஃபரிங்’ நூலைப் பாதியில் வைத்துவிட்டேன். அடிமையாகப் பிறந்து, பின்னர் அதிபர் லிங்கனின் மனைவிக்கு உடை தைத்த எலிசபெத் கெக்லியின் தன்வரலாறான ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ நூலை முடித்தேன், ஏமாற்றம்தான் மிஞ்சியது. அரசியலையும் போரையும் தெரிந்துகொள்ளப் போனால் திரும்பிய பக்கமெல்லாம் சாவும் அழுகையும். வரலாற்றை வரலாறாகச் சொல்லாமல் எதற்கு இந்தச் சொந்தப் புலம்பல்? அதிலும் கெக்லி, லிங்கன் வீட்டுத் துக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்; தன் மகன் இறந்ததைச் சில வரிகளில் தாண்டிப் போகிறார். எஜமான விசுவாசம் என்றே எனக்குப் பட்டது. போரில் இறந்தவர்கள் 6,20,000 பேரா, 7,50,000 பேரா? ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் த பார்டோ’ நாவலைப் படிக்கலாமா? சென்ற ஆண்டு என் தம்பி விபத்தில் இறந்துவிட்டான். மனதைத் திருப்பவே இந்த வரலாற்றைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கடைசி வரிக்கு வந்தபோதுதான் உங்கள் கடிதத்தின் மேல் எனக்கு ஏறிய கோபம் தணிந்தது. முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். துக்கத்திலிருந்து ஒதுங்கி நிற்க, நான்கு ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளில் சாவு விழுந்த ஒரு போரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். 6,20,000 என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கணக்கு. வரலாற்றாய்வாளர் டேவிட் ஹேக்கர் 2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, ஏறத்தாழ 7,50,000 என்று மதிப்பிட்டார். சாண்டர்ஸின் நாவல் இப்போது வேண்டாம்; அதுவும் லிங்கனின் மகனுடைய சாவைப் பற்றியது. அது எங்கும் போய்விடாது.

கெக்லிக்கு வருவோம். அந்த நூலை மீண்டும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது. ‘எஜமான விசுவாசம்’ என்ற பழியை இவ்வளவு எளிதாக ஒருவர் மேல் வீசக் கூடாது. லிங்கன் வீட்டார் அவருடைய எஜமானர்கள் அல்லர். அவர் தைத்துக் கொடுத்த உடைகளுக்குக் கூலி கொடுத்தவர்கள். அவருடைய எஜமானர் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தார். தன்னையும் மகனையும் விலைக்கு வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டபோது, அந்த மனிதர் ஒரு கால் டாலர் வெள்ளி நாணயத்தை நீட்டி, இது படகுக் கட்டணம், ஆற்றைக் கடந்துவிட்டால் நீ சுதந்திரமானவள் என்றார். கெக்லி அதை வாங்கவில்லை. படகேறி ஓடத் தனக்கு வழி தெரியும் என்றும், சட்டப்படி தான் அவருடைய அடிமை என்பதால் சட்டப்படியே விடுதலை வேண்டும் என்றும் சொன்னார். 1,200 டாலர் விலை பேசப்பட்டது. உடை தைக்கக் கொடுத்த பெண்கள் கடனாகத் திரட்டிக் கொடுத்த பணத்தில் 1855இல் தாயும் மகனும் விடுதலை பெற்றார்கள்; அந்தக் கடனையும் அவர் தைத்தே அடைத்தார். விசுவாசம் என்ற சொல்லை இந்தப் பெண்ணுக்கு எங்கே பொருத்துவீர்கள்?

அந்த மகனின் பெயர் ஜார்ஜ். அவனுடைய தந்தை ஒரு வெள்ளைக்காரர். கெக்லியை நான்கு ஆண்டுகள் தொல்லைப்படுத்தியவர். அதைச் சொல்லும் இடத்தில் கெக்லியின் வாக்கியம் திக்குகிறது. ‘நான்’ என்ற சொல் இரண்டு முறை வந்து, தாயானேன் என்று முடிந்துவிடுகிறது. அந்த மனிதரின் பெயரை உலகுக்குச் சொல்லாமல் விடுகிறேன் என்கிறார். வளர்ந்த மகன் ஒஹையோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில் படித்தான். 1861இல் போர் மூண்டபோது படையில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. நிறம் உதவியதால், வெள்ளையன் என்று பதிந்துகொண்டு சேர்ந்தான். அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்று மிசௌரியில் வில்சன்ஸ் க்ரீக் சண்டையில் இறந்தான். இவ்வளவையும் அந்த நூலில் தேடாதீர்கள். மகன் போனான், இறந்தான், அது பெரிய அடி, லிங்கனின் மனைவி மேரி ஆறுதல் கடிதம் எழுதினார். அவ்வளவுதான்.

நீங்கள் குறை சொல்வது இந்தச் சுருக்கத்தை. அதே பெண் தன் குழந்தைப் பருவத்தை எழுதிய பக்கங்களை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்பதே என் சந்தேகம். வர்ஜீனியாவில் எஜமானர் ஒருவர் குளிர்காலத்துக்குப் பன்றிகள் வாங்குகிறார், பணம் போதவில்லை. சமையல்காரியின் மகன் சிறுவன் ஜோவுக்கு ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டு, தராசில் ஏற்றி, பவுண்டுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். காலையில் திரும்பி வந்துவிடுவான் என்று தாயிடம் சொல்கிறார்கள். அவன் வரவில்லை. அவளுடைய துக்க முகம் எஜமானருக்குப் பிடிக்காததால் அவளுக்குச் சவுக்கடி கிடைக்கிறது. கெக்லியின் தந்தையை இரண்டு மணி நேர அவகாசத்தில் பிரித்துக் கொண்டுபோனபோது அழுத தாயிடம் எஜமானி சொன்னது: ஊரில் ஆண்களா இல்லை, புருஷன்தான் வேண்டுமென்றால் அழுகையை நிறுத்திவிட்டு வேறொருவனைத் தேடிக்கொள்.

யார் அழலாம், யார் அழக் கூடாது என்பதே அந்த நாட்டில் சொத்துரிமையோடு சேர்ந்த விவகாரமாக இருந்தது. உங்களுக்கு வேறென்ன அரசியல் வேண்டும், தேர்தல் முடிவுகளா? அழுகையைச் சவுக்கால் நிறுத்தக் கண்டு வளர்ந்தவர் மகனைச் சில வரிகளில் எழுதினால், அதைக் கல்நெஞ்சம் என்றோ ஊழியம் என்றோ நான் படிக்க மாட்டேன். இன்னொன்றையும் யோசியுங்கள். மகன் போய் ஆறு மாதத்தில், 1862 பிப்ரவரியில், லிங்கனின் மகன் வில்லி 11 வயதில் காய்ச்சலில் இறந்தான். உடலைக் கழுவி உடுப்பு மாட்டிய கைகளில் கெக்லியின் கைகளும் உண்டு. போர்க்களத்தில் விழுந்த தன் மகனுக்கு அதைச் செய்ய அவருக்கு வாய்க்கவில்லை. மேரி அலறி அழுகிறார். லிங்கன் அவரைச் சன்னலுக்கு அழைத்துப்போய்த் தொலைவில் தெரியும் மனநோய் விடுதியைக் காட்டி, அடக்கிக்கொள், இல்லாவிட்டால் அங்கே அனுப்ப வேண்டிவரும் என்கிறார். இதையெல்லாம் கெக்லி அருகில் நின்று பார்த்து எழுதுகிறார். வில்லியைப் பற்றி வேறொருவர் எழுதிய புகழுரையைக்கூட முழுதாக எடுத்துச் சேர்க்கிறார். அந்தப் பக்கங்களில் ஜார்ஜும் இருக்கிறான் என்பது என் வாதம். இதை நிரூபிக்க முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி இன்னொருத்தியின் பிள்ளையைப் பற்றி அத்தனை நிதானமாக எழுதுவதைப் படித்துவிட்டு எனக்கு வேறு விதமாக நினைக்க வரவில்லை.

நீங்களும் தம்பியை ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் எழுதுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அதே விரலால் கெக்லியைச் சுட்டாதீர்கள்.

நூல் 1868இல் வெளிவந்தது. மேரியின் சொந்தக் கடிதங்கள் அதில் அச்சாகியிருந்ததால் மேரி உறவை முறித்துக்கொண்டார்; பத்திரிகைகள் கேலி செய்தன; உடை தைக்கக் கொடுப்போர் குறைந்தார்கள். முதுமையில் கெக்லி வில்பர்ஃபோர்ஸ் சென்று தையல் கற்பித்தார். மகன் படித்த இடம். 1907இல் வாஷிங்டனில், ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லத்தில் இறந்தார்.

ஃபாஸ்டின் நூலை எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. வரிசையாகப் படிக்க வேண்டாம். இறந்தவர்களை அடையாளம் காண்பது பற்றிய நான்காம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வீரன் இறந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லும் முறையான ஏற்பாடு அன்றைய படைகளிடம் இல்லை. பெயரெழுதிய தாள் துண்டைச் சட்டையில் குத்திக்கொண்டு களத்துக்குப் போனவர்கள் உண்டு. பிறகு இறந்தவர்களை மறுபடி புதைத்த கதைக்கு வாருங்கள். 1871க்குள் அரசின் பக்கம் போரிட்ட 3,00,000க்கும் மேற்பட்ட வடக்குப் படையினரின் உடல்களை அரசு தேடி எடுத்து 74 தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட தெற்கத்தியர் அந்தக் கணக்கில் இல்லை; அவர்களைத் தேடிப் புதைக்கும் வேலையை அவர்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கங்களிலிருந்து கிளம்பிய தெற்கின் அரசியல் எங்கே போய் நின்றது என்பதை அந்தப் பக்கங்களுக்குப் பிறகு பேசலாம்.