நான்கு சேர்வர்களை ஏழு நிறுவனங்கள் பகிரும்போது டெனன்ட், பயனர், சேர்வர் மூன்றையும் எப்படித் திட்டமிடுவது?

டெனன்ட்டிலிருந்து, அதாவது கிளவுட்டில் ஒரு வாடிக்கையாளருக்கென்று பிரித்துவிடும் தனி இடத்திலிருந்து, தொடங்குங்கள், சேர்வர் கணக்கைக் கடைசியில் போடுங்கள். திருகோணமலை உவர்மலையில் இதே அளவில் ஒரு கிளவுட்டை ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளில் நடத்துகிறேன். நான் தலைகீழாகத் தொடங்கி, பிறகு பட்டுத்தான் திருத்தினேன்.

யாருடைய தரவை யார் பார்க்கக் கூடாது, பில் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். விடை மாறும் இடத்தில் ஒரு டெனன்ட் பிரியும். ஒரே முதலாளிக்கு நிலாவெளியில் விடுதியும் டவுனில் கடையும் இருந்து கணக்கு வேறு வேறு என்றால், இரண்டு டெனன்ட். ஓபன்ஸ்டாக்கில் இதை இப்போது ப்ராஜெக்ட் என்கிறார்கள்.

பயனரில் ஆளுக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். இரண்டு இடத்துக்கும் வேலை செய்யும் கணக்காளருக்கு ஒரே கணக்கில் இரண்டு ப்ராஜெக்ட்டிலும் வெவ்வேறு ரோல், அதாவது அனுமதி, கொடுக்கலாம். ஆனால் அட்மின் ரோலை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று கொடுத்தாலும், வழக்கமான அமைப்பில் அவர் முழு கிளவுட்டுக்கும் அட்மின் ஆகிவிடுவார்.

இனி சேர்வர். என்னுடையவை ஒவ்வொன்றும் 128 ஜீபி ராம். ஹோஸ்ட்டுக்கு, அதாவது சேர்வரின் சொந்த வேலைக்கு, 16 ஒதுக்கினால் மிச்சம் 112. நான்குக்கும் சேர்த்து 448 என்று விற்றுவிட்டேன். ஓகஸ்ட் மாதம், சீசன் நேரம், ஒரு சேர்வர் விழுந்தது. அதில் ஓடிய வாடிக்கையாளர்களின் மெய்நிகர் மெஷின்களை ஏற்ற மற்ற மூன்றிலும் இடமில்லை. ஒரு விடுதிக்காரர் அன்றிரவு முழுக்கக் கொப்பியில் புக்கிங் எழுதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால் ஒரு சேர்வர் இல்லை என்றே கணக்குப் போடுங்கள்: 336 ஜீபி. எல்லா டெனன்ட்டின் கோட்டாவையும், அதாவது அவர்கள் எடுக்கக்கூடிய உச்ச அளவையும், கூட்டினால் இதைத் தாண்டக் கூடாது. ஓபன்ஸ்டாக் ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தானாகவே 10 மெஷின், 20 கோர் (ப்ராசசர் பங்கு), 50 ஜீபி ராம் கொடுக்கும். உங்கள் ஏழு டெனன்ட்டுக்கு அதுவே 350! ஆகவே கோட்டாவைக் கையால் குறித்துவிடுங்கள். கோரை இருப்பதைவிட ஓரளவு மிகையாகப் பகிரலாம், நெருக்கடியில் வேகம்தான் குறையும். ராமை அப்படிப் பகிர வேண்டாம், தீர்ந்தால் மெஷினே விழும்.

அப்புறம், சீசனையும் பாருங்கள். இங்கே விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை நெருக்கடி. ஏப்ரல் கடைசியில் அவர்கள் கோட்டாவைக் கூட்டி, ஒக்டோபரில் குறைக்கிறேன். குறைத்தாலும் ஓடும் மெஷின் நிற்காது, புதியது எழும்பாது, அவ்வளவுதான். குறைக்க முன் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.